மகன் வாசிக்காமல் விட்ட வரி

குகநாதனிடம் ஒரு கதை இருந்தது. பிறந்தநாள், சாமத்தியவீடு, குடிபூரல் என்று எந்த விசேஷமாக இருந்தாலும், சாப்பாடு முடிந்து ஆட்கள் கதிரைகளை வட்டமாக இழுத்துப் போட்டதும் யாராவது ஒருவர் "அண்ணை, அந்தச் சைக்கிள் கதையைச் சொல்லுங்கோவன்" என்று எடுத்துக்கொடுப்பார். அவ்வளவுதான். பிறகு இருபது நிமிடத்துக்கு அவரை யாராலும் நிறுத்த முடியாது.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. கொக்குவிலில் ரியூஷன் வகுப்புக்குப் போய்வந்த கலாவதி என்ற பெண்ணின் பின்னால் இளந்தாரி குகநாதன் பதினான்கு மாதம் சைக்கிள் மிதித்தார். முதல் தரம் அவள் விருப்பமில்லை என்றாள். இரண்டாம் தரம் அண்ணாவிடம் சொல்லுவேன் என்றாள். மூன்றாம் தரம் ஒன்றும் சொல்லாமல் பாதையை மாற்றிக்கொண்டாள். இவரும் பாதையை மாற்றினார். பிறகு சுவிசுக்கு வந்து, அகதி முகாமில் கிடந்து, வேலை எடுத்து, விசா கிடைத்த அடுத்த மாதமே ஊருக்குக் கடிதம் போட்டார். கட்டினால் அவளைத்தான் கட்டுவேன். சாதகம் பொருந்தியது. கலாவதி வந்து இறங்கினாள். "மூண்டு தரம் மாட்டன் எண்டவள். ஆனா நான் விடேல்லை!" என்று முடிக்கும்போது மேசையில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கலாவதி அநேகமாக அந்த இடம் வருவதற்குள் தேநீர்க் கோப்பைகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டு குசினிக்குப் போயிருப்பாள்.

அந்தக் கதையைத் தவிர்த்தால் குகநாதன் சத்தமில்லாத மனிதர். டீட்டிகோனில் ஒரு பெரிய களஞ்சியத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பாரந்தூக்கி வண்டி ஓட்டுகிறார். ஒரு பெட்டியைக்கூட விழுத்தியதில்லை. குடி, கலியாண வீட்டில் ஒரு கிளாஸ். கலாவதி முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறாள். ஒரே பிள்ளை பானுஜன், பதினேழு வயது. மின்சார வேலை பழகும் இரண்டாம் வருடம். அவனுடைய தொழிற்பயிற்சி ஒப்பந்தம் கையெழுத்தான நாளில் குகநாதன் அதைப் படம் பிடித்து, லண்டன், கனடா, ஊர் என்று ஒருவர் பாக்கியில்லாமல் அனுப்பினார். மகனுக்குக் கையில் ஒரு தொழில் இருந்தால் போதும் என்பதுதான் அவர் வாழ்க்கையின் மொத்த ஆசையும்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அங்கே மட்டுமல்ல, அந்த மாடிக் கட்டிடத்திலிருக்கும் தமிழ் வீடுகள் எல்லாவற்றிலும்தான். தபாலில் வரும் ஜெர்மன் கடிதங்களைப் பிள்ளைகள் வாசிப்பார்கள். வேலைத்தளத்து ஜெர்மன் குகநாதனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கந்தோர்க்காரர் எழுதும் ஜெர்மன் வேறு சாதி. ஆகவே எட்டு வயதிலிருந்தே பானுஜன்தான் வீட்டுக்கு வாசகன். வரிக் கடிதம், காப்புறுதிக் கடிதம், வீட்டு முகாமைக் கடிதம் எல்லாம் அவன் கையில்தான் உடையும். ஏழாம் வகுப்பில் ஒருதரம், வீட்டுப்பாடம் செய்வதில்லை என்று ஆசிரியை எழுதிய கடிதத்தை, "நல்ல பிள்ளையாம், கொஞ்சம் வெக்கப்படுறனாம்" என்று வாசித்தான். பெற்றோர் கூட்டத்தில் குட்டு வெளிப்பட்டது. குகநாதன் அதையும் ஒரு பகிடியாக்கி நாலு பேருக்குச் சொல்லிச் சிரித்தார். அப்போதே காதைத் திருகியிருக்க வேண்டும் என்று இப்போது சொல்லுவதற்கு எவராலும் முடியும்.

மார்ச் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை பின்னேரம், ஆறு மணியிருக்கும், இரண்டு பொலிசார் வந்து மணியடித்தார்கள். ஒரு பெண், ஒரு ஆண். சப்பாத்தைக் கழற்றவா என்று அந்தப் பெண் கேட்டது குகநாதனுக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அவ்வளவு மரியாதையாகத்தான் அந்த இடி வந்து இறங்கியது.

கோபிஷா என்ற பெயர் வந்ததும் அவருக்குப் பாதி விளங்கிவிட்டது. பக்கத்து ஊரான ஷ்லீரனில் இருக்கும் நித்தியானந்தனின் மகள், பதினாறு வயது. தமிழ்ப் பள்ளிக்கூடத்து விளையாட்டுப் போட்டியில் பானுஜனுக்குப் பழக்கம். ஒரு வருடம் இரண்டு பேரும் சேர்ந்து திரிந்தது இரண்டு வீட்டுக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டார்கள். மாசியில் அந்தப் பிள்ளை போதும் என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததுதான் வீட்டுக்குத் தெரியாது. ஒரு கிழமையில் முந்நூறுக்கு மேல் மெசேஜ். அவள் தடை செய்யத் தடை செய்ய வேறு வேறு பெயரில் புதிய கணக்குகள். அவளுடைய பள்ளிக்கூட வாசல். ஷ்லீரன் ஸ்டேஷன். அவள் ஏறும் ரயில் பெட்டியிலேயே ஏறி, எதிரே உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பது. பொலிஸ்காரி இதையெல்லாம் மெதுவாகச் சொன்னாள். 'அங்ஸ்ட்' என்ற சொல் பல தரம் வந்தது. பயம் என்று குகநாதனுக்குத் தெரியும். தன் பிள்ளையைப் பார்த்து இன்னொரு பிள்ளை பயப்படும் என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

மூன்று தாள் கொண்ட ஒரு கட்டளையை நீட்டினார்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் எடுக்கலாம், பத்து நிமிடத்தில் இணைப்பில் வருவார், எடுக்கட்டுமா என்று பொலிஸ்காரி கேட்டாள்.

இந்த இடத்தில்தான் குகநாதன் பிழை விட்டார். அந்த வட்டாரத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர்களை விரல் விட்டு எண்ணலாம். அவர்களில் ஒருவர் சைக்கிள் கதையை இரண்டு தரம் நேரில் கேட்டுச் சிரித்தவர். வெளியில் சொல்ல மாட்டோம் என்று அவர்கள் சத்தியம் செய்து கொடுத்தவர்கள்தான். ஆனால் ஒரு தமிழ் ஆளின் காதில் இது விழுந்துவிட்டால் அதற்குப் பிறகு எந்த முகத்தோடு அவர் முன்னால் கதிரை போட்டு உட்காருவது? "நைன், நைன்" என்று அவசரமாகக் கையை ஆட்டினார். மகன் வாசித்துச் சொல்லுவான் என்றார்.

பொலிசார் போனபின் பானுஜன் வாசித்தான். கலாவதி எழும்பி நின்றபடி கேட்டாள்.

"ஒண்டு, ஃபோன், மெசேஜ், நேர ஒண்டும் கதைக்கக்கூடாதாம். ரெண்டு, இந்த மாப்பில சிவப்புப் போட்டிருக்கிற இடத்துக்குப் போகக்கூடாதாம். அவையின்ர வீடு, ஸ்கூல், ஷ்லீரன் ஸ்டேஷன். மூண்டு, இண்டையில இருந்து பதினாலு நாள். அவள் கேட்டா நீட்டுவினமாம்." தாளைப் புரட்டினான். கண் கொஞ்ச நேரம் மேலேயே நின்றது. "மிச்சம் எல்லாம் சட்டம் அப்பா. மீறினா கேஸ் எண்டு போட்டிருக்கு."

குகநாதன் கேஸ் என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக் கணக்குப் போட்டார். கேஸ் என்றால் முதலாளிக்குத் தெரியவரும். முதலாளிக்குத் தெரிந்தால் தொழிற்பயிற்சி போய்விடும். இரண்டு வருடப் படிப்பு காற்றோடு போக, பதினேழு வயதில் பெட்டி ஏற்றும் வேலைக்கு வரவேண்டியதுதான், தன்னைப்போல. அன்றிரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மகனில் கோபம் இருந்தது. நித்தியானந்தனில் அதைவிடக் கூடக் கோபம் இருந்தது. பதினைந்து வருடப் பழக்கம். ஒரு ஃபோன் அடித்து "அண்ணை, உங்கட பொடியனைக் கொஞ்சம் அடக்கி வையுங்கோ" என்று சொல்லக் கூடாதா? எங்கள் ஆட்களுக்குள் இருக்கிற விஷயத்துக்குப் பொலிசா?

சனிக்கிழமை அவர் முடிவெடுத்துவிட்டார். நேரே போய்க் கதைப்பது. பெரியவர்கள் உட்கார்ந்து கதைத்தால் தீராத பிரச்சினை அவர் அறிந்தவரையில் இல்லை.

"கலா, நாளைக்கு நீரும் வாரும். பொம்பிளையள் கதைச்சா சுகம்."

"நான் வரேல்லை."

"ஏன்?"

"எனக்கு ஏலாது" என்று மட்டும் சொல்லிவிட்டு, மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

பானுஜன் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மூன்று நாளில் முதல் தரமாக அவன் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. "அப்பா, நான் மாறிட்டன் எண்டு சொல்லுங்கோ. ஒரே ஒருக்கா என்னோட கதைக்கச் சொல்லுங்கோ. அஞ்சு நிமிஷம் போதும்."

"நாங்கள் போறதைப் பற்றிக் கடிதத்தில ஒண்டும் இல்லைத்தானே?"

"இல்லை அப்பா" என்றான், கைபேசியைப் பார்த்துக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு, ஒரு பெட்டி கேக்கும் ஒரு பை திராட்சைப் பழமும் கொண்டு குகநாதன் ஷ்லீரனில் இறங்கினார். கதவைத் திறந்த நித்தியானந்தனின் முகம் வெளுத்துப் போனது. ஆனால் வீடு தேடி வந்த மனிதரை வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பும் பழக்கம் அவருக்கும் இல்லை. "வாங்கோ அண்ணை" என்றார். தேநீர் வந்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் வேலை, குளிர், ரயில் திருத்தம் என்று கதைத்தார்கள்.

பிறகு குகநாதன் மன்னிப்புக் கேட்டார். முதல் ஐந்து நிமிடம் நன்றாகத்தான் கேட்டார். கண் கலங்கியது. அத்தோடு எழும்பியிருந்தால் அந்த வீட்டில் அவர் மதிப்பு மிஞ்சியிருக்கும். ஆனால் நித்தியானந்தன் ஒன்றும் சொல்லாமல் இருந்தார். மற்றவரின் மௌனத்தைத் தாங்கும் பழக்கம் குகநாதனுக்கு இல்லை. மனம் தன்னையறியாமல் தெரிந்த இடத்துக்கே போனது.

"பொடியனுக்கு அந்தளவுக்குப் பாசம், அதுதான். ஒருக்கா அஞ்சு நிமிஷம் கதைக்க விட்டா ஆறிடுவான். நானும் இந்த வயசில இப்பிடித்தான். உங்களுக்குத் தெரியும்தானே, கலாவுக்குப் பின்னால பதினாலு மாசம்... மூண்டு தரம் மாட்டன் எண்டவள், நான் விடேல்லை..."

அறைக் கதவு திறந்தது. கோபிஷா வந்து நின்றாள். மெலிந்திருந்தாள். ஒரு கையால் மற்றக் கையின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"கோபி, உள்ள போம்மா" என்றார் நித்தியானந்தன். அவள் போகவில்லை. அவரும் மறுபடி சொல்லவில்லை.

"மாமா, நான் ஒண்டு கேக்கலாமோ?"

"கேள் பிள்ளை."

"மாமி எப்ப ஓம் எண்டவ?"

குகநாதன் வாயைத் திறந்தார். எத்தனையோ வருடமாகச் சொல்லி வந்த கதை. ஒவ்வொரு வளைவும் திருப்பமும் அவருக்குத் தண்ணீராய்த் தெரியும். தேடிப் பார்த்தார். சாதகம் பொருந்தியது இருந்தது. விமானம் வந்து இறங்கியது இருந்தது. அந்த ஒரு சொல் எங்கேயும் இல்லை.

"நான் எட்டுத் தரம் வேண்டாம் எண்டு சொன்னனான்" என்றாள் கோபிஷா. குரல் நடுங்கியது, ஆனாலும் நிற்கவில்லை. "ஒவ்வொருக்காலும் அவன், எங்கட அப்பாவும் விடேல்லை, நானும் விடமாட்டன் எண்டு எழுதினவன். மாமா, அந்தக் கடிதத்தில நாலாம் புள்ளியில இருக்கு, வேற ஆக்களை வைச்சும் தொடர்பு எடுக்கக்கூடாது எண்டு. அவன் உங்களுக்கு வாசிக்கேல்லையோ?"

குகநாதன் கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தார்.

"நீங்கள் வந்ததை நான் பொலிசுக்குச் சொல்லவேணும். சொல்லாட்டி அடுத்த கிழமை வேற ஆரும் வருவினம். மன்னியுங்கோ மாமா."

அவள் அழுதாள். அழுதுகொண்டே நின்றாள். குகநாதன் எழும்பினார். தேநீர் பாதிக் கோப்பையில் ஆறிக் கிடந்தது.

வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், கட்டளையின் மூன்றாம் தாளை எடுத்து மேசையில் விரித்தார். கைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலி ஒரு பக்கம், விரல் மறு பக்கம். நான்காம் புள்ளி தாளின் உச்சியிலேயே இருந்தது. இரண்டே வரி. மூன்றாம் ஆட்கள் ஊடாகவும் எந்தத் தொடர்பும் கூடாது. அந்த மூன்றாம் ஆள் தான்தான் என்று விளங்கியபோது, பதினேழு வருடம் தூக்கி வளர்த்த பிள்ளை தன்னை ஒரு மெசேஜைப் போல அனுப்பியிருக்கிறான் என்பதும் விளங்கியது. அவமானம் நெருப்பாய்ப் பற்றியது.

"ஏன்டா இதை வாசிக்கேல்லை?"

பானுஜன் பொய் சொல்லவில்லை. அந்தளவில் நல்ல பிள்ளை. "வாசிச்சிருந்தா நீங்கள் போயிருக்க மாட்டீங்கள்."

"உனக்கு வெக்கமாயில்லையோ? அந்தப் பிள்ளை நடுங்குது!"

"நீங்கள் செய்தா லவ், நான் செய்தா கேஸோ?" அவன் கத்தினான். "எல்லாரும் கை தட்டிச் சிரிக்கிறவைதானே. நானும் சின்னனில இருந்து கேட்டுக்கொண்டுதானே வாறன்."

குகநாதன் திரும்பி மனைவியைப் பார்த்தார். கலாவதி உடுப்பு அழுத்திக்கொண்டிருந்தாள். "கலா, சொல்லும் இவனுக்கு. நான் உமக்கு அப்பிடி என்ன கரைச்சல் குடுத்தனான்?"

அவள் அழுத்திப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "இப்ப அதைக் கதைக்க வேண்டாம். நாளைக்கு வேலை" என்றாள். இல்லை என்று அவள் சொல்லுவாள் என்று குகநாதன் காத்துக்கொண்டு நின்றார். அவள் அடுத்த சட்டையை எடுத்து விரித்தாள்.

கட்டளையை நீதிமன்றம் மூன்று மாதத்துக்கு நீட்டியது. அதற்குள் இன்னொரு கடிதமும் வந்தது. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களின் வழக்குகளைப் பார்க்கும் அலுவலகத்துக்கு, பெற்றோருடன் விசாரணைக்கு வரும்படி. நான்காம் புள்ளியை மீறியது பற்றி. மொழிபெயர்ப்பாளர் தேவையா என்று ஒரு சிறு பெட்டி இருந்தது. குகநாதன் பேனையை எடுத்துத் தானே புள்ளடி போட்டார். யார் வந்தாலும் வரட்டும்.

விசாரணைக்கு முதல்நாள் பின்னேரம் அவர் மகனிடம் சொன்னார்: "நான் என்ர பாட்டில போனனான், உனக்கு ஒண்டும் தெரியாது எண்டு சொல்லுறன். நீ வாயைத் திறவாத. உன்ர வேலை போகக்கூடாது." பானுஜன் தலையை ஆட்டினான். கலாவதி கேட்டுக்கொண்டிருந்தாள்.

மொழிபெயர்க்க வந்தது அவர் பயந்த ஆள் இல்லை. லக்சாயினி என்று இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு இளம் பெண். தொடங்கமுன் அவள் தெளிவாகச் சொன்னாள்: "ஐயா, அம்மா, இந்த அறையில ஆர் என்ன கதைச்சாலும் நான் மற்ற மொழியில சொல்லவேணும். மெதுவாச் சொன்னாலும் சொல்லுவன். அதுதான் என்ர வேலை." மேசையின் ஓரத்தில் ஒரு எழுதுவினைஞர் உட்கார்ந்து எல்லாவற்றையும் கணினியில் பதிந்துகொண்டிருந்தார். விசாரணை அதிகாரி நரைத்த குட்டைத் தலைமயிர்க்காரி. அதட்டவில்லை. முதலில் கோபிஷாவின் வாக்குமூலத்தை வாசிக்கப் போவதாகச் சொன்னாள்.

அவள் ஒரு வசனம் ஜெர்மனில் வாசிக்க, லக்சாயினி அதைத் தமிழில் சொன்னாள்.

"காலையில் கால்மணித்தியாலம் முந்தி வெளிக்கிடுகிறேன். எங்கள் ஸ்டேஷனில் ஏறுவதில்லை. அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் நடந்து போய் ஏறுகிறேன். யாராவது பின்னால் நடந்து வந்தால் நின்று அவர்களைப் போகவிட்டுப் பிறகுதான் நடப்பேன். நடனவகுப்பை விட்டுவிட்டேன். அவன் அடிக்கவில்லை. ஆனால் எங்கே நிற்பான் என்று தெரியாது."

பானுஜன் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நானும் ரியூஷனுக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலதான் சுத்திப் போனனான்" என்றாள் கலாவதி. யாருக்கும் சொல்லவில்லை. தன் மடியிலிருந்த கைப்பையைப் பார்த்துச் சொன்னாள்.

லக்சாயினி ஒரு கணம் தயங்கினாள். பிறகு தன் வேலையைச் செய்தாள். அந்த வசனம் ஜெர்மனில் வந்தது. எழுதுவினைஞரின் விரல்கள் அதைத் தட்டின. பானுஜன் சட்டென்று தலையை நிமிர்த்தினான். தமிழில் அம்மா சொல்லும் எதையும் காதில் வாங்காமல் இருக்க அவன் பழகியிருந்தான். அவன் யோசிப்பதும் கனவு காண்பதும் ஜெர்மனில். அதில் அம்மா வந்து நின்றபோது அவனால் ஒளிக்க முடியவில்லை.

இன்னும் ஏதும் சொல்ல விருப்பமா என்று அதிகாரி கேட்டாள். கலாவதி கணவனைப் பார்க்கவில்லை.

"எனக்கு அப்ப பத்தொன்பது வயசு. பின்னால சைக்கிள் செயின்ர சத்தம் கேக்கும். ஒவ்வொரு நாளும். அண்ணாவிட்டைச் சொன்னா சண்டை வரும் எண்டு சொல்லேல்லை. கடைசியில வகுப்பை விட்டிட்டன். கணக்கில நான் நல்ல கெட்டிக்காரி. பிறகு சுவிசில இருந்து கலியாணம் பேசி வந்தது. வீட்டில எல்லாருக்கும் சந்தோஷம். என்னை ஒருத்தரும் கேக்கேல்லை."

மூச்சை எடுத்துக்கொண்டாள். "இவர் கூடாத மனிசன் இல்லை. இத்தனை வருஷத்தில எனக்கு ஒரு குறையும் வைக்கேல்லை. அதையும் எழுதுங்கோ. ஆனா அந்தப் பதினாலு மாசமும் நான் பயந்தனான். அது பகிடி இல்லை. அதையும் எழுதுங்கோ."

எழுதினார்கள். விசைப்பலகையின் சத்தம் குகநாதனுக்கு நெஞ்சுக்குள் கேட்டது. இத்தனை விருந்துகளில், இத்தனை பேர் முன்னால், அவர் அந்தக் கதையைச் சொல்லும்போது அவள் கோப்பைகளோடு எழும்பிப் போனது அவருக்கு இப்போதுதான் ஒவ்வொன்றாய்த் தெரிந்தது. வெட்கத்தில் போகிறாள் என்று நினைத்திருந்தார். அதைக்கூடச் சபையில் சொல்லிச் சிரித்திருக்கிறார். மனிதருக்கு அழுகை வந்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை.

அதிகாரி தண்ணீரை அவர் பக்கம் தள்ளி வைத்தாள். கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள்: நீங்கள் அந்த வீட்டுக்குப் போனபோது, போகக்கூடாது என்று உங்களுக்குத் தெரியுமா? உங்கள் மகனுக்குத் தெரியுமா?

முதல்நாள் தயாரித்த பதில் நாக்கில் இருந்தது. ஒரு வசனம்தான். அதைச் சொன்னால் மகன் தப்புவான். அவன் ஆள் அனுப்பினான் என்று கோபிஷா சொன்னது மட்டும் பொய்யாகும். அவ்வளவுதான்.

"எனக்குத் தெரியாது" என்றார் குகநாதன். "அவனுக்குத் தெரியும். கடிதத்தை அவன்தான் எனக்கு வாசிச்சவன். நாலாம் புள்ளியை வாசிக்காமல் விட்டவன். அந்தப் பிள்ளையை அஞ்சு நிமிஷம் கதைக்கச் சொல்லி என்னட்டைச் சொல்லி விட்டவனும் அவன்தான்." லக்சாயினி சொல்லி முடிக்கும்வரைக்கும் காத்திருந்தார். "ஆனா, மாட்டன் எண்டு சொன்னாலும் விடக்கூடாது எண்டு அவனுக்குச் சின்னனில இருந்து சொல்லிக் குடுத்தது நான். அது பிழை. அதையும் எழுதச் சொல்லுங்கோ பிள்ளை."

பானுஜன் தகப்பனைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது, ஏமாற்றமும் இருந்தது. அவனிடம் கேட்டபோது, சரி என்று ஒரே சொல்லில் ஒப்புக்கொண்டான்.

நான்கு சனிக்கிழமை பொதுவேலை. ஆறு மாதம் ஒரு ஆலோசகரிடம் போகவேண்டும். முதலாளிக்கு அறிவிக்க வேண்டிய தேவை இப்போதைக்கு இல்லை, இன்னொரு தரம் மீறினால் அப்போது பார்க்க வேண்டிவரும் என்றாள் அதிகாரி. வேலைக்குப் போகும் ரயில் ஷ்லீரன் வழியாகப் போவதில் தடையில்லை, அங்கே இறங்கக்கூடாது, அவ்வளவுதான் என்பதையும் விளங்கப்படுத்தினாள். பானுஜன் தலையை ஆட்டினான். மூன்று பேரும் வீடுவரைக்கும் நடந்தே வந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் பானுஜன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

அடுத்த நாள் காலை குகநாதன் வேலைக்குப் போவதற்காகச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தார். ஆறு மணி ஆகவில்லை. பானுஜன் வேலை உடுப்போடு அறையிலிருந்து வெளியே வந்தான்.

"உனக்கு இன்னும் நேரம் கிடக்கே" என்றார்.

"ஊர்டோர்ஃப் பக்கத்தால போறன். பஸ்ஸில போய் அங்க ட்ரெயின் எடுக்கலாம்."

"ஷ்லீரனால போகலாம் எண்டுதானே அவ சொன்னவ? இறங்காட்டிச் சரி எண்டவதானே?"

"ஓம்." அவன் குனிந்து சப்பாத்து நூலைக் கட்டினான். குரலில் இன்னும் கடுப்பு இருந்தது. "அவள் முதல் அந்த ட்ரெயினிலதான் ஏறுறவள். நான் அதில இல்லை எண்டா ஷ்லீரனிலயே ஏறலாம்தானே."

குகநாதன் மற்றச் சப்பாத்தையும் மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார். "எவ்வளவு நேரம் கூட?"

"இருபத்தஞ்சு நிமிஷம்."

கலாவதி குசினியிலிருந்து சாப்பாட்டுப் பெட்டியோடு வந்தாள். அதை மகனின் கையில் கொடுக்காமல், அவனுடைய பையைத் திறந்து தானே உள்ளே வைத்து மூடினாள். பிறகு அவன் தோளில் கை வைத்து, அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். அவன் தட்டிவிடவில்லை. கதவைத் திறந்து படியில் இறங்கினான்.

"நாளைக்கு எத்தினை மணிக்கு எழுப்ப?" என்று கலாவதி மாடியிலிருந்து கேட்டாள்.

"ஐஞ்சரைக்கு" என்று கீழேயிருந்து பதில் வந்தது.